கேள்வி கேட்காத செயலி

ஸ்வேதோசார் இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். திரையில் பெலிக்கன் என்ற செயலி, சற்று முன் தட்டிய ஒரு வரியை அனுப்ப முடியாமல் திணறுகிறது. அரை நிமிடம் பார்க்கிறார். "கம்பி போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுதா பாரு. திருடன் மாதிரி முழிக்குது." கம்பியைத் திரும்பச் செருகுகிறார். எழுதிய வரி இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. கட்டம் போட்ட பள்ளிக்கூட நோட்டில் பெலிக்கனுக்கு எதிரே ஒரு பெருக்கல் குறி விழுகிறது.

வயது ஐம்பத்து நான்கு. பகலெல்லாம் டான்யூப் ஆற்றங்கரையிலுள்ள ருசே நகரத்தின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் லிஃப்ட் பழுது பார்ப்பார். மாலை ஆறு மணிக்கு மேல் பேட்டைப் படிப்பகத்தில் உள்ள பதினோரு கணினிகளுக்கும் அவர்தான் தாயும் தகப்பனும். எல்லாம் ஒரு பள்ளிக்கூடம் வேண்டாமென்று கழித்துவிட்டவை. எல்லாவற்றிலும் லினக்ஸ் போட்டு உயிர்கொடுத்து வைத்திருக்கிறார். உலாவியைத் திறந்தால் அவற்றுக்கு மூச்சு வாங்கும். ஆகவே சமூக வலைத்தளத்துக்கென்று தனியாக ஒரு செயலி வேண்டும். எடை குறைந்ததாக, மூலநிரல் திறந்ததாக, அவர்கள் மொழியின் சிரிலிக் எழுத்தைக் கடித்துத் துப்பாததாக. அதைத் தேடித்தரும்படி யாரும் அவரைக் கேட்கவில்லை. அவராகத் தலையில் போட்டுக்கொண்டு இரண்டு குளிர்காலங்களைச் செலவழித்தார்.

அந்த வலைத்தளத்துக்கு முதலாளி கிடையாது. செய்திகளை வாங்கி அனுப்ப ஊருக்கு ஊர் ஒரு வழங்கிக் கணினி. ருசேயின் வழங்கி படிப்பகத்தின் மாடியில், பழைய நடன உடைகள் இருந்த அலமாரிக்குள் உட்கார்ந்து முனகிக்கொண்டிருக்கிறது. முந்நூறு பேர் அதில் இருக்கிறார்கள். பேட்டையில் எந்த மாடியில் தண்ணீர் ஒழுகுகிறது என்பதிலிருந்து பாடகர் குழுவின் ஒத்திகை வரை அதில்தான் பேச்சு. ஸ்வேதோசார் ஒவ்வொரு செயலியையும் சோதிக்கும்போது எப்போதும் ஒரே வரியைத்தான் அனுப்புவார்: "லிஃப்ட் ஓடுகிறது." முந்நூறு பேருக்கும் அது போய்ச் சேரும். "எந்த பிளாக்கில்?" என்று யாராவது நம்பிக் கேட்பார்கள். அதிலும் நாலாவது பிளாக்கின் ஏழாம் மாடிக்காரர் ஒருவர் மூன்று முறை ஏமாந்து லிஃப்ட் கதவுக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறார்.

சோதனை நடக்கும்போது வாய் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே இருக்கும். தொலியைத் தரையில் போட மாட்டார். சட்டையின் இடது பையில் சேர்த்துக்கொள்வார். அந்தப் பை எப்போதும் புடைத்திருக்கும். நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஸ்னேஜாவுக்கு இவரைச் சீண்டாமல் ஒரு மாலையும் கழியாது.

"அண்ணே, கல்யாணத்துக்கு முன்னாடி இதுல பாதி யோசிச்சிருந்தீங்கன்னா இன்னிக்கு வீட்ல ஒரு ஆள் இருந்திருக்கும்."

"கல்யாணத்துல முதல்ல போட்டுப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ண விடமாட்டாங்களே, ஸ்னேஜா."

கடைசியில் ஃபிஞ்ச் என்ற செயலி தேறியது. பெலிக்கன் விழுங்கும் நினைவகத்தில் கால் பங்குதான் இதற்கு. எழுத்து பிசகவில்லை, கம்பியைப் பிடுங்கினால் உடனே கத்தியது. ஒரே ஒரு குறை. எதை அனுப்பினாலும் ஒரு பெட்டி எழுந்து, "இது எல்லோருக்கும் போகும். சரிதானா?" என்று கேட்டது. ஒரு நாளில் நாற்பது முறை சோதித்தால் நாற்பது முறை.

"லிஃப்ட்ல நாலாம் நம்பர அழுத்தினா, 'நெசமாவே நாலுக்குத்தான் போறீங்களா'ன்னு அது கேக்குதா? அழுத்தினா போகணும். அதான் இயந்திரம்" என்றார் ஸ்வேதோசார்.

மற்றவர்களாக இருந்தால் முனகிவிட்டுப் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். மூலநிரல் திறந்திருக்கும்போது பொறுத்துக்கொள்வது லினக்ஸ்காரர்கள் கூட்டத்தில் கௌரவக் குறைச்சல். ஸ்வேதோசார் நிரலைத் திறந்தார். பெட்டியை எழுப்பும் ஒன்பது வரிகளைத் தேடிப் பிடித்து அழித்தார். செயலியைப் புதிதாகக் கட்டி, பதினோரு கணினிகளிலும் நிறுவினார். வழக்கப்படி தன் பெயரும் தேதியும் போட்டு, எவரும் படிக்கும்படி காரணத்தையும் நிரலின் பொதுப் பதிவேட்டில் எழுதிவைத்தார்: "பயனரை முட்டாளாக நினைக்கும் கேள்வி நீக்கப்பட்டது." அன்று ஸ்னேஜா வீட்டிலிருந்து பாலாடைக்கட்டி வைத்த பனித்சா பலகாரம் சுட்டு எடுத்துவந்தாள். இவர் மூன்று துண்டு சாப்பிட்டார்.

அந்தக் கேள்விக்கு ஒரு காரணம் இருந்தது. ஒருவர் தனியாக அனுப்பிய செய்திக்குப் பதில் எழுதினால், மற்ற செயலிகளில் பதிலும் தனியாகத்தான் போகும். ஃபிஞ்சில் அப்படி இல்லை. தனியாக அனுப்பு என்று நாமே குறித்தால் ஒழிய, பதில் ஊருக்கே போகும். அதனால்தான் அது கேட்டது. ஸ்வேதோசார் சோதித்துப் பார்க்காமல் விட்டது அந்த ஒன்றைத்தான். அவருக்குத் தனிச் செய்தி அனுப்ப ஆள் இல்லை. பதில் எழுதிப் பார்க்கும் சந்தர்ப்பமும் வரவில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பாடகர் குழு ஒத்திகைக்கு முன்னால் நெவேனா அக்கா ஐந்தாம் கணினியில் உட்கார்ந்தார். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருடம் சூப் காய்ச்சிய கை. ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவார். மகள் கலினா ஸ்பெயினில் ஒரு ஓட்டலில் வேலை பார்க்கிறாள். "ஒரு மாசம் இங்க வந்து இரேன்மா" என்று தனியாகக் கேட்டிருந்தாள். நெவேனா அக்கா அதற்குப் பதில் எழுதினார்:

"எப்படிடி வர்றது? உங்கப்பாவுக்கு மூத்திரம் அடக்க முடியல. நான்தான் கழுவி விடறேன். ராத்திரில அழறார். யார்கிட்டயும் சொல்லிடாதே."

அனுப்பு என்பதை அழுத்தினார். ஃபிஞ்ச் ஒன்றும் கேட்கவில்லை.

உங்கப்பா என்பது நெவேனா அக்காவின் கணவர், கேப்டன் மெதோதி. முப்பது வருடம் டான்யூபில் இழுவைப் படகு ஓட்டியவர். ஆற்றங்கரையில் அவர் நடந்தால் பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்து இடம் கொடுப்பார்கள். போன இலையுதிர் காலத்தில் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. முழங்கால் வலி, அதனால்தான் வெளியே வருவதில்லை என்று ஊருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். பால்கனியில் தொப்பி போட்டு உட்கார்ந்து, கீழே போகிறவர்களுக்குக் கை காட்டுவார். அந்தக் கையும் முகமும் நன்றாக இருந்ததால் ஊர் நம்பியது.

இரண்டு நாள் கழித்து மாடிப்படியில் ஒரு பக்கத்து வீட்டுக்காரி, நெவேனா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, பெரியவர்களுக்கென்றே விற்கும் பஞ்சுத் துணி எந்தக் கடையில் நல்லதாகக் கிடைக்கும் என்று மெதுவாகச் சொன்னாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். நெவேனா அக்கா அப்படியே திரும்பிப் படிப்பகத்துக்கு ஓடிவந்தார்.

"தம்பி, நான் எம்பொண்ணுக்குத்தானே எழுதினேன்? அது எப்படி ஊருக்குப் போச்சு?"

ஸ்வேதோசார் திரையைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. பக்கத்தில் ஸ்னேஜா நின்றாள், பாடகர் குழுவிலிருந்து இரண்டு பேர் நின்றார்கள்.

"அனுப்பறதுக்கு முன்னாடி நல்லா பாத்து அழுத்தணும்க்கா" என்றது அவருடைய வாய்.

நெவேனா அக்கா தன் வலது கையைப் பார்த்தார். "எல்லாம் இந்த வெளங்காத வெரலால வந்தது" என்றார். பிறகு ஸ்வேதோசாருக்கு நன்றி சொன்னார். செய்தியை வழங்கியிலிருந்து நீக்கிக் கொடுத்ததற்கு. படித்தவர்களின் தலைக்குள்ளிருந்து அதை நீக்க எந்தச் செயலியும் கிடையாது.

எல்லோரும் கிளம்பும்வரை காத்திருந்து, அவர் அந்த ஒன்பது வரிகளையும் திரும்பப் போட்டார். பதினோரு கணினிகளிலும் கேள்வி மீண்டது. பதிவேட்டில் பெயர், தேதி. காரணம் எழுதும் இடத்தில் "சிறு திருத்தம்" என்று எழுதினார். உலகத்தில் எவர் வேண்டுமானாலும் திறந்து பார்க்கக்கூடிய இடத்தில்தான் அந்தக் குற்றம் அவர் பெயரோடு கிடக்கிறது. ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. பார்த்துவிட மாட்டார்களா என்று ஒரு நாள் ஏங்கினார், பார்த்துவிடுவார்களோ என்று மறுநாள் பயந்தார்.

அதற்குப் பிறகு விதை கொறிப்பது நின்றது. "லிஃப்ட் ஓடுகிறது" என்ற வரியும் வரவில்லை. கேப்டனின் வீடு இருக்கும் பிளாக்கில் லிஃப்ட் சிக்கிக்கொண்டபோது வேறொரு மெக்கானிக்கை அனுப்பிவைத்து, தனக்கு இடுப்புவலி என்றார். பால்கனியில் நாற்காலி மட்டும் இருந்தது. நெவேனா அக்கா ஒத்திகைக்கு வந்தார். ஆனால் கணினிப் பக்கம் போகவில்லை. மகளுக்குச் சேதி சொல்ல வேண்டுமென்றால் கையை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்னேஜாவைத் தட்டச் சொன்னார். அதுவும் "நலம், நலம்" என்ற அளவோடு முடிந்தது.

"கேப்டன் எப்படி இருக்கார்?" என்று கேட்டாள் ஸ்னேஜா.

"எங்கூடப் பேசி பதினஞ்சு நாளாச்சு. வேணும்னே செஞ்சேன்னு நெனைக்கிறார். ஊருக்குச் சொல்லி அழுதுட்டியான்னு ஒரே ஒரு தடவ கேட்டார். அப்புறம் வாயே தொறக்கல. தூக்கிவிடும்போதுகூட மூஞ்சியத் திருப்பிக்கறார்."

இரண்டு மேசை தள்ளி ஒரு விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த ஸ்வேதோசாருக்கு அது முழுசாகக் கேட்டது. துடைத்ததையே திரும்பத் துடைத்தார். அப்போதே எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். நாலு எட்டு தூரம்தான். போகவில்லை. அந்தக் கோழைத்தனத்துக்குத்தான், ஒன்பது வரியை அழித்ததற்கு வெட்கப்பட்டதைவிட அதிகமாக வெட்கப்பட்டார்.

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு, பூவின் பெயர் வைத்தவர்களுக்கெல்லாம் பெயர்நாள். நெவேனா என்பது சாமந்தி. பெயர்நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை. கதவு திறந்திருக்கும், நினைவு வைத்திருப்பவர்கள் வருவார்கள். இந்த வருடம் கதவை மூடிவைக்கத்தான் நெவேனா அக்காவுக்கு ஆசை. மூடினால் ஊர் இன்னும் பேசும். ஆகவே மீன் பொரித்தார், கதவில் வில்லோக் கிளை கட்டினார், திறந்து வைத்தார்.

ஸ்வேதோசார் லிஃப்டில் போகாமல் மூன்று மாடியும் படியேறினார். கையில் ஒரு பூந்தொட்டி. கூடத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள்: குழுக்காரர்கள், ஸ்னேஜா, பழைய படகுக்காரர்கள் இருவர். எல்லோரும் சற்று உரக்கப் பேசி, மூலையில் இருந்த நாற்காலியைப் பார்க்காமலிருக்கப் பாடுபட்டார்கள். அதில் கேப்டன், முழங்கால் மேல் கம்பளி போர்த்தி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"வா தம்பி, வா. இந்தப் புள்ளதான் எங்கள மாதிரி மக்குகளுக்கெல்லாம் பொறுமையா சொல்லிக் குடுக்குது" என்று நெவேனா அக்கா பூந்தொட்டியை வாங்கி வைத்துவிட்டு அவர் கையில் மீன் தட்டைத் திணித்தார்.

அந்தப் பாராட்டுத்தான் அவரை உடைத்தது. தட்டை வைக்க இடம் தேடினார், கிடைக்கவில்லை. தட்டோடு நின்றே தணிந்த குரலில் ஆரம்பித்தார்.

"அக்கா, அது உங்க வெரல் செஞ்ச தப்பு இல்ல."

"எது?"

"எல்லாருக்கும் போகுது, சரியான்னு அது கேக்கணும். கேட்டிருந்தா நீங்க நிறுத்தியிருப்பீங்க. அந்தக் கேள்விய நான்தான் எடுத்துட்டேன். தொந்தரவா இருந்துச்சுன்னு. நீங்க ஓடிவந்து நின்ன அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் பழிய உங்க மேல போட்டேன்."

"என்னடா முணுமுணுப்பு அங்க?" மூலையிலிருந்து கேப்டனின் குரல் வந்தது. சொற்கள் கொஞ்சம் குழறின; அதட்டல் மட்டும் குறையவில்லை. "எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு. என் சேதி ஊர் பூரா போச்சுல்ல? உன் சேதியும் போகட்டும்."

ஸ்வேதோசார் திரும்பச் சொன்னார். இந்த முறை உரக்க. ஒன்றையும் விடவில்லை, "சிறு திருத்தம்" என்று எழுதியதையும் சொன்னார். கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

"மூணு வாரம்" என்றார் நெவேனா அக்கா. "மூணு வாரமா இந்தக் கையத் திட்டிட்டு இருக்கேன்டா, பாவி." அவர் அழவில்லை. கணவன் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா?"

"கேட்டேன்." சுவரைவிட்டு முகம் திரும்பியது. கேப்டன் மனைவியைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு ஸ்வேதோசாரைப் பார்த்தார். "நீ இங்க வா."

ஸ்வேதோசார் போனார். தட்டை ஸ்னேஜா வாங்கிக்கொண்டாள். நெவேனா அக்கா பதறி முன்னால் வர, கேப்டன் தலையை ஆட்டி அவரை நிறுத்தினார். நல்ல கையால் கம்பளியை இழுத்துக் கீழே போட்டார். ஈரம் படர்ந்திருந்ததை ஒன்பது பேரும் பார்த்தார்கள்.

"அவ உக்காந்து சாப்பிடட்டும், இன்னிக்கு அவ நாள். கழுவுற எடத்துக்கு நீ என்னைக் கூட்டிட்டுப் போ."

ஸ்வேதோசார் குனிந்தார். கேப்டனின் கனத்த கை அவர் கழுத்தைச் சுற்றி விழுந்து, சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டது.