முஸ்பிறாவின் கொம்பியூட்டருக்குச் சாம்பிராணி

கல்முனைக்குடியில் கலியாண வீட்டில் பெண்கள் பக்கத்துப் படம் என்றால் முஸ்பிறாதான். மணப்பெண் முக்காட்டை எடுத்துவிட்டுச் சிரிப்பதை அவளே எடுப்பாள், அவளே திருத்துவாள், வீட்டிலேயே அச்சடித்து அல்பமும் கட்டுவாள். “படம் என்ட வாசலத் தாண்டாது” என்பது அவள் வாக்கு. பத்து வருடமாக ஊர்ப் பெண்கள் அதை நம்பித்தான் அவள் முன்னால் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள்.

ஆனால் கொம்பியூட்டருக்குக் கிழடு தட்டிவிட்டது. அதற்கு இன்னொரு பங்காளியும் உண்டு. உரக்கடையில் வேலை பார்க்கும் அவள் புருஷன் ஸாஜித், வேலை விட்டு வந்ததும் அதில் உதைபந்தாடுவான். படங்கள் அவனுக்கும் திறக்க முடியாத பூட்டுக்குள் இருக்கும். அவனுக்கு வேண்டியதும் பந்து மட்டும்தான். பந்து வலைக்குள் போய்ச் சேர்ந்த பிறகே அவனுடைய கோல்காப்பாளர் பாய்வார். “கிராஃபிக் கார்ட் ஒண்டு போட்டா நான் ஆருக்கும் தோக்க மாட்டன் புள்ள” என்று மூன்று வருடமாகச் சொல்கிறான். முஸ்பிறா நம்பவில்லை. ஆனாலும் பழசைக் கொஞ்சம் புதுசாக்கலாம் என்று பெருநாளிலிருந்து பேசிப் பேசியே நாளைக் கடத்தினார்கள்.

அந்தத் திங்கட்கிழமை, ஆதிலாவின் கலியாணப் படங்களில் பாதியைத் திருத்தியபோது கொம்பியூட்டர் அணைந்தது. மறுபடி போட்டால் பத்து நிமிடம், திரும்பவும் அணைவு. உள்ளே டிக் டிக் என்று ஒரு சத்தம் வேறு. ஆதிலா வெள்ளிக்கிழமை புருஷனோடு கட்டாருக்குப் போகிறாள். கமராவில் இருந்ததை அடுத்த கலியாணத்துக்காக முஸ்பிறா அழித்துவிட்டாள். ஆயிரத்து எண்ணூறு படமும் இந்த ஒரு பெட்டிக்குள்தான்.

டவுனில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கும் பெனடிக்குக்குப் போன் போட்டாள்.

“கொண்டு வாங்க தங்கச்சி, பாத்துத் தாறன்.”

“ஏலா அண்ணன். உள்ளுக்க பொம்புளயள்ற படம். அது அமானிதம், என்னய நம்பித் தந்தது.”

“அப்ப நான் வீட்ட வாறன்.”

“நீங்களும் ஆம்புளதானே அண்ணன்!”

பெனடிக் சிரித்துவிட்டார். “அத இனி மாத்த ஏலாதே. மகள அனுப்புறன். என்னய விட நல்லாச் செய்வாள்.”

மகள் டிலக்சினி ஸ்கூட்டரில் வந்திறங்கினாள். பையில் புது ரெம், புது டிஸ்க், இதுதான் சாட்டென்று ஸாஜித் சொல்லிவிட்ட கனவுக் கார்ட். பெட்டியின் மூடியைக் கழற்றியவள் மூக்கைச் சுருக்கினாள்.

“இதென்னக்கா, எங்கட மாதா கோயில் மணம் வருது?”

முஸ்பிறா நாக்கைக் கடித்துக்கொண்டாள். வியாழக்கிழமை மஃரிப் தொழுகைக்குப் பிறகு வீடெல்லாம் சாம்பிராணிப் புகை போடுவது வழக்கம். சோறு போடுகிற கொம்பியூட்டருக்கும் பறக்கத் வரட்டும், வருமானம் பெருகட்டும் என்று, அது காற்றிழுக்கும் பக்கமாகச் சட்டியை வைத்துக் கொஞ்சம் கூடுதலாகவே புகை காட்டுவாள். பத்து வருடப் புகை காற்றாடியில் கரியும் பிசினுமாக அப்பிக் கிடந்தது; சூடு தாங்காமல்தான் பெட்டி அணைந்திருக்கிறது. காரணத்தைக் கேட்ட டிலக்சினி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முஸ்பிறாவுக்கும் வெட்கத்தை மீறிச் சிரிப்பு வந்தது.

கரியைச் சுரண்டி முடித்ததும் டிலக்சினி டிஸ்க்கின் டிக் டிக்கைக் காது கொடுத்துக் கேட்டாள். முகம் மாறியது. “இது கன நாளைக்கு ஓடாதுக்கா. முதல்ல படத்தப் புதுசுக்கு மாத்துவம்.”

படங்கள் ஒவ்வொன்றாக மாறின. எழுபத்தொரு வீதத்தில் நின்றது. முஸ்பிறா ஸலவாத்து ஓதத் தொடங்கினாள். அந்த நேரம் பார்த்து ஸாஜித் ஹோலில் இருந்து, “கார்ட் போட்டாச்சா?” என்றான்.

“இன்னொருக்காக் கேட்டீங்கண்டா அதக் கடலுக்க போட்டுடுவன்!”

எழுபத்திரண்டு. எண்பது. பிறகு நிற்கவே இல்லை. கடைசிப் படமும் வந்து சேர்ந்ததும் முஸ்பிறா டிலக்சினியைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினாள். அத்தனை சந்தோஷம். ரெம்மையும் கார்ட்டையும் டிலக்சினி பொருத்திக் கொடுத்தாள். முன்பெல்லாம் ஒரு படத்தின் நிறத்தை மாற்றச் சொல்லிவிட்டு அரிசி கழுவி உலையில் போட்டு வரலாம்; இப்போது கை வைத்த மாத்திரத்தில் மாறியது. ஸாஜித்தும் அன்றே ஆடினான். ஏழு கோலில் தோற்றது, புது கார்ட்டில் மிகத் தெளிவாகத் தெரிந்தது.

வியாழக்கிழமை ஆதிலா வந்தாள். அல்பத்தைப் புரட்டிப் பார்த்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“பாரமா இரிக்கி புள்ள, பேக்ல ஏத்துவாங்களா?” என்றாள் முஸ்பிறா.

“நான் கொண்டு போகல்ல ராத்தா. இது உம்மாக்கு. நான் போனாப் பொறவு அவ தனியத்தானே. நினைச்ச நேரம் தொறந்து பாக்கட்டும்.”

“ரெண்டு நிமிசம் நில்லு” என்று முஸ்பிறா கொம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஆதிலாவின் உம்மா மகளுக்குச் சோறு ஊட்டும்போது இருவரும் வாய் நிறையச் சிரித்த படம் ஒன்று இருந்தது. பல் தெரிகிறது, அல்பத்தில் வேண்டாம் என்று உம்மாவே தடுத்த படம். அதைப் பெரிதாக அச்சடித்து, மை காய ஊதி, ஆதிலாவின் கையில் கொடுத்தாள்.

“இத நீ கொண்டு போ.”