அண்ணியின் கறுப்பு டேப்

புது டி.வி.யைப் பெட்டியிலிருந்து முழுதாக வெளியே எடுப்பதற்குள் அண்ணி கறுப்பு டேப்போடு வந்து நின்றுவிட்டார். நகமளவு கிழித்து, மூலையில் எரிந்த சின்னச் சிவப்பு விளக்கின் மேல் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். வாஷிங் மெஷினின் விளக்குக்கு ஏற்கெனவே ஒட்டியாயிற்று. துவைத்து முடிந்ததா என்று எங்கள் வீட்டில் காதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம்.

"இது வீடு, உன் லேப் இல்ல" என்றார் அண்ணன்.

"கண்ணை உறுத்துதுங்க."

அண்ணியின் வேலை, வெளிச்சத்தை வழிக்குக் கொண்டுவருவது. கண்ணுக்கே தெரியாத ஒரு பொடி. லேசரை அடித்தால் துளி வெளிச்சம் விடும், அதுவும் நாலா பக்கமும் சிதறும். பொடியைச் சுற்றி, முடியின் நுனியில் ஆயிரக்கணக்கில் நிற்கக்கூடிய குட்டித் தூண்களை நிறுத்தி, அந்தத் துளியை நேரே மேலே லென்ஸுக்குள் அனுப்ப வேண்டும். தூணின் பருமன், உயரம், இடைவெளி எல்லாம் அண்ணியின் கணக்கு. "தங்கத்துல செஞ்சா என்ன?" என்று கேட்டு வைத்தேன்.

"உலோகம் பாதி வெளிச்சத்தை முழுங்கிடும். அதான் கண்ணாடி மாதிரி ஒண்ணுல செய்யறோம். வெளிச்சத்தை அதட்டி வேலை வாங்க முடியாது. பக்கத்துல யாரு நிக்கிறாங்கன்னு பாத்துதான் அது நடந்துக்கும்."

"நீ பக்கத்துல நின்னா எதுவும் ஒழுங்காத்தான் நடந்துக்கும், நானே சாட்சி" என்றார் அண்ணன்.

போன வருடம் வெளிச்சம் மேலே வந்தது. அண்ணி துள்ளிக் குதித்து, ஆய்வகத்துக்கே கேக் வாங்கிக் கொடுத்தார். மறுநாள் பார்த்தால், கருவிக்குப் பின்னால் யாரோ செருகி வைத்திருந்த சார்ஜரின் சிவப்பு விளக்கு அது! கேக் தின்றவர்களே இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அன்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார், பாவம். எனக்குத் தாங்கவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த டேப்.

இந்த வாரம் கடைசி வாய்ப்பு. இந்த முறையும் வெளிச்சம் பக்கவாட்டில் கசிந்தால் தூண் வேலையையே மூட்டை கட்டிவிடலாம் என்று ஆய்வகத் தலைவி சொல்லிவிட்டார். அண்ணியின் ஐந்து வருடக் கணக்கும் அதோடு போகும்.

நேற்று மாலை வீட்டுக்குள் வந்தவர், "மேலதான் வருது" என்றார்.

"சார்ஜரா?" என்றார் அண்ணன்.

"எல்லாத்தையும் பிடுங்கிட்டேன். லேசரை அணைச்சா போயிடுது, போட்டா வருது. பொடி இல்லாத இடத்துல அடிச்சும் பாத்துட்டேன், ஒண்ணுமே இல்ல."

"அப்ப கேக் உண்டா?"

அண்ணி தோள்பையைக்கூட இறக்காமல் வாஷிங் மெஷினுக்கு முன்னால் குந்தி, டேப்பின் ஓரத்தை நகத்தால் நெம்பி மெல்ல உரித்தார். எழுந்து வந்து அதை அண்ணனின் மூக்கு நுனியில் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.