ஸ்கோப்பின் ஓரத்தில் தெரிந்த கறுப்பு

நாங்கள் புனே தேஹு ரோட்டில் இருக்கிறோம். இங்குள்ள ராணுவ டிப்போவில் வேலை பார்த்து ரிட்டயரான என் கணவருக்கு, ஞாயிற்றுக்கிழமையானால் கிளப்புக்குப் போய் ஏர் ரைஃபிள் சுட்டாக வேண்டும். குறி தெளிவாகத் தெரியட்டும் என்று, புனே கேம்ப் பகுதிக் கடையில், தொலைநோக்கி மாதிரியான விலை குறைந்த ஸ்கோப் ஒன்றை வாங்கித் துப்பாக்கி மேல் பொருத்தினார்.

கொஞ்ச நாளிலேயே, "ஓரமெல்லாம் கறுப்பா தெரியுது" என்று புலம்ப ஆரம்பித்தார். ஸ்கோப்பைப் பிடித்து நிறுத்தும் மவுண்ட் தள்ளியிருந்தால் அப்படித் தெரியுமாம். முன்னே பின்னே நகர்த்தினார், பிறகு மவுண்டையே மாற்றினார். கறுப்பு போகவில்லை.

நானும் கண் வைத்துப் பார்த்தேன். "எனக்கு முழுசா தெரியுதேங்க" என்றேன்.

"உனக்குப் பார்க்கத் தெரியல. மலிவுச் சரக்கு வேற எப்படி இருக்கும்?" என்று எரிந்து விழுந்தார். எனக்கும் அது சரியென்றே பட்டது.

மழைக்காலம் முழுக்க இப்படியே போனது. கடைசியில் சண்டை போடத்தான் கடைக்குப் போனோம். கடைக்காரர் அதில் எதிர்க் கட்டடத்தைப் பார்த்துவிட்டு, "ஸ்கோப் டீக் ஹை அங்கிள், ஆங்க் திகா லீஜியே" என்றார். ஸ்கோப் நன்றாகத்தான் இருக்கிறது, கண்ணைக் காட்டுங்கள் என்று அவர் சொன்னதும் இவருக்குக் கோபம். நான்தான் விடாமல் டாக்டரிடம் இழுத்துப் போனேன்.

குறி பார்க்கும் வலது கண்ணில் க்ளௌகோமா, ஓரப் பார்வையிலிருந்து மெல்ல மெல்லப் பறிக்கும் கண் நரம்பு நோய். போன பார்வை திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

இப்போதெல்லாம் வீட்டில் யாராவது டிவி மங்கல், பல்பு சரியில்லை என்றால், நானும் பார்க்கிறேன். எனக்குப் பளிச்சென்று தெரிந்தால், அன்றே கண் டாக்டரிடம் கிளம்பிவிடுகிறோம்.

ரைஃபிளை விற்றுவிட்டோம். ஸ்கோப் மட்டும் அலமாரியில் இருக்கிறது. அதில் இன்றுவரை ஒரு குறையும் இல்லை.

- ஒரு வாசகி, தேஹு ரோடு