திரைக்குள் இருந்த லெப்டொப்

என் மூத்தவர், நானா, மௌத்தாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அவருடைய லெப்டொப் எழும்பாமல் போய்விட்டது. "பட்டனை அமத்தினா லைட் மட்டும் பத்துது தம்பி, படம் வருதில்ல" என்று மதினி திரைக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார்.

மதினி அப்போது இத்தாவில் இருந்தார். கணவனை இழந்த பெண் அந்த மாதங்களில் வீட்டைவிட்டு வெளியேற மாட்டாள். அந்நிய ஆண்கள் முன்னால் வரவும் மாட்டாள். கணவரின் தம்பியும் அந்தக் கணக்கில் அந்நியன்தான். உம்மா சமைத்த ஒரே கறியைத்தான் இருவரும் தின்றோம், ஆனால் முகம் பார்ப்பதில்லை. அவருடைய அறைவாசலில் ஒரு சீத்தைத் துணி தொங்கியது. அதற்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்துதான் அவரோடு நான் எதையும் கதைப்பேன். எங்கள் கற்பிட்டிக் கடற்காற்றுக்கு அந்தத் துணி சும்மா இருக்காது. அது உள்ளே எழும்பும்போதெல்லாம் நான் கண்ணைக் கூரைக்குக் கொண்டுபோவேன்.

அந்த லெப்டொப்பை நானா கட்டாரிலிருந்து கொண்டுவந்தார். லீவில் வரும்போதெல்லாம் வீட்டுக்குள் வீடியோ எடுத்து அதில் சேர்த்து வைப்பார். மகள் நடை பழகியது, மதினி ரொட்டி சுட்டது, ஈரத் தலையை உலர்த்திக்கொண்டே "எடுக்க வாணாம்" என்று கையால் மறைத்தது. உம்மா சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். கடைசி லீவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பிறகு எழும்பவில்லை. அதன்பின் அவருடைய மகள் "வாப்பாவைப் போடுங்க" என்று கேட்டு, அந்த வீடியோக்களில் அவருடைய குரல் வந்தால்தான் வாயைத் திறந்து சோறு வாங்குவாள். இரண்டு நாளாக அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

"இங்கால தாங்க மதினி, பாத்துத் தாரன்" என்றேன்.

"ஏலாது தம்பி. அதுல நான் முக்காடு இல்லாம இருக்கிறதெல்லாம் கிடக்கு. கடைக்கும் குடுக்க மாட்டன். நீங்க அங்க இருந்தே சொல்லுங்க, நான் செய்றன்."

சொன்னது நியாயம். ஆனாலும் எனக்கு எரிச்சல் வந்தது. அரசாங்கக் கந்தோரில் கொம்பியூட்டரில் தட்டுகிறவன் என்பதால் ஊருக்குள் நான் ஒரு விண்ணன். அப்பேர்ப்பட்டவனைத் துணியோடு பேச வைத்துவிட்டார்களே என்று ஒரு கடுப்பு. போதாததற்கு, அன்றைக்கு அசர் தொழுகைக்குப் பிறகு பக்கத்து ஊரோடு ஃபுட்போல் போட்டி. நான்தான் கோல் காப்பவன்.

முதலில் சார்ஜர் வயரைக் கழற்றச் சொன்னேன். லெப்டொப்பைக் குப்புறப் போட்டு, இரண்டு பக்கமும் இருக்கும் கட்டைகளைத் தள்ளி, பெட்டரியை வெளியே எடுக்கச் சொன்னேன். நகம் உடைந்ததற்கு "ஸ்" என்றார், பிறகு "கழண்டுட்டு" என்றார். பட்டனைக் கொஞ்ச நேரம் அமத்திப் பிடிக்கச் சொல்லி, எல்லாவற்றையும் திரும்பப் பூட்டச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் கேட்டுக் கேட்டுச் செய்தார். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

"படம் வருது! கம்பெனிப் பேர் வருது!" என்று கத்தினார். உள்ளே பிள்ளை கைதட்டுவது கேட்டது. அந்தப் பேரோடு அது நின்றுவிட்டது. திரும்பத் திரும்பப் போட்டும் அதற்கு அப்பால் போகவில்லை.

கேற்றடியில் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் கேட்டது. கூட்டாளிமார் வந்துவிட்டார்கள்.

எனக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. கந்தோரில் ஒரு கொம்பியூட்டர் இதேபோல நின்றபோது, திருத்த வந்தவர் மேல் வரிசையில் ஒரு பட்டனை அமத்தி, வந்த கேள்விக்கெல்லாம் என்டரைத் தட்டிக்கொண்டே போனார், மெஷின் எழும்பிவிட்டது. பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அந்தக் கந்தோர் மெஷினுக்குள் யாருக்கும் வேண்டிய எதுவும் இருக்கவில்லை என்பது மட்டும் எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

அந்தப் பட்டனைச் சொன்னேன். "நீலமா வந்திருக்கு தம்பி. நிறைய இங்கிலீசு எழுதியிருக்கு" என்றார் மதினி. அவருக்கு இங்கிலீசு எழுத்துகள் தெரியும். கூட்டி வாசிக்க வராது.

"வாசிக்கவா தம்பி? ஏ... எல்... எல்... பிறகு வை... ஓ..."

ஹோர்ன் மறுபடி அடித்தது.

"வாசிக்கத் தேவையில்ல மதினி. எதக் கேட்டாலும் என்டரைத் தட்டிக்கொண்டே போங்க."

"சிவப்பிலயும் என்னமோ எழுதியிருக்கு தம்பி."

"தட்டுங்க மதினி, எனக்குத் தெரியும்தானே!"

தட்டினார். ஓடுகிறது என்றார். நானும் ஓடினேன், மைதானத்துக்கு.

நாங்கள் வென்றோம். மக்ரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரம் காலெல்லாம் மணலோடு வந்து கதிரையில் விழுந்தேன். "என்ன மதினி, எழும்பிட்டா?" என்று பெரிய ஆள் மாதிரி கேட்டேன்.

"ஓம் தம்பி. பாட்டெல்லாம் போட்டு எழும்பிச்சு. புதுசு மாதிரி இருக்கு." பிறகு, "அவர் எங்க இருக்காரெண்டுதான் தெரியுதில்ல" என்றார்.

எந்தெந்த இடத்தில் தேடவேண்டும் என்று சொன்னேன். அவர் தேடினார். எல்லா இடமும் காலி. அந்த ஏ, எல், எல் எந்த வசனத்தின் தொடக்கம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது: இதிலுள்ளதெல்லாம் அழிக்கப்படும். பிள்ளை "வாப்பாவைப் போடுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"நான்தான் எங்கயோ பிழையாத் தட்டிட்டன்" என்றார் மதினி.

"இல்ல மதினி. நான்தான் தட்டச் சொன்னது. அழியப் போகுதெண்டு அதுல எழுதியிருந்திருக்கு."

"நீங்க எங்க தம்பி பாத்தீங்க? பாத்திருந்தா சொல்லியிருப்பீங்கதானே."

அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திராது. பார்ப்பதற்குத்தான் தடை இருந்தது. கேட்பதற்கு ஒரு தடையும் இருக்கவில்லை. அவர் எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். ஒரு பந்தாட்டத்துக்காக நான் அவர் வாயை அடைத்தேன்.

"புத்தளத்தில அழிஞ்சத எடுத்துத் தாரவங்க இருக்காங்களாம். குடுத்துப் பாப்பமா?"

"எடுக்கிறவங்க ஆம்பிளைங்கதானே?"

"ஓம்."

"அப்ப வாணாம். அவர் எனக்கெண்டு எடுத்தது. போனா என்னோட போகட்டும்."

அன்று காற்று விழுந்திருந்தது. திரை அசையாமல் தொங்கியது. பிறகு அதன் கீழ் ஓரம் மெல்லத் தூக்குப்பட்டது. நான் பழக்கத்தில் கூரையைப் பார்த்தேன். தரையில் எதுவோ உரசும் சத்தம் கேட்டுக் குனிந்தால், லெப்டொப் என் காலடிக்குத் தள்ளப்பட்டிருந்தது. மூடி இன்னும் சூடாக இருந்தது.

"நீங்க எடுத்துக்கொள்ளுங்க தம்பி" என்றது திரை. "இனி இதில நீங்க பாக்கக் கூடாதது ஒண்டும் இல்ல."