தலைப்புக்கு வெளியே போன பேச்சு

கனடாவின் ஸ்காபரோவில் தமிழ்ப் பிள்ளையாகப் பிறந்தால் பேச்சுப்போட்டியிலிருந்து தப்ப முடியாது. கோயில் வைக்கும், பழைய மாணவர் சங்கம் வைக்கும், தேவாலயமும் வைக்கும். பிள்ளை மேடையில் கையை ஆட்டிப் பேசும். எழுதிக் கொடுத்த தகப்பன் கீழே இருந்து வாயசைப்பார். சும்மா சொல்லக்கூடாது, ஒன்பது வயதில் நான் பெரிய பேச்சுக்காரி. எங்கள் மோர்னிங்சைட் அப்பார்ட்மெண்டில் என் கிண்ணங்களை வைக்க இடம் போதாது. எல்லாம் கோயில்களில் வென்றவை.

அப்பா சைவம், அம்மா வேதம். கிறிஸ்தவர்களை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். நெற்றியில் திருநீற்றோடு அப்பா எங்களைக் காரில் கொண்டுபோய் ஆராதனைக்கு இறக்கிவிடுவார். முடியும்வரை வெளியே ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பார். இந்தக் கல்யாணம் அம்மாவின் அண்ணனுக்கு, அதாவது என் மாமாவுக்கு, அடியோடு பிடிக்கவில்லை. தாய் தகப்பன் இல்லாத தங்கையை வளர்த்து, கனடாவுக்கும் கூப்பிட்டவர் அவர். கல்யாணத்துக்கு வரவில்லை, அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலையும் மிதிக்கவில்லை. யூனியன்வில்லில்தான் இருந்தார், அப்படியொன்றும் தூரமில்லை. தேவாலயத்தில் கண்டால் என் தலையைத் தடவுவார். பக்கத்தில் நிற்கும் அம்மாவைப் பார்க்காமலே போய்விடுவார். மாமாவுக்கு எப்போதும் ஏதோ அவசரம் என்று நான் நினைத்திருந்தேன்.

அந்த வருடம் தேவாலயப் போட்டியின் தலைப்பு, ‘பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுத்தாளர், அரசியலாளரின் விசுவாசம்’. பால்பல் விழுந்து முடியாத பிள்ளைகளுக்கு இப்படி ஒரு தலைப்பு! நடுவர் மாமா என்று தெரிந்ததும் அம்மா ஓடிப்போய் என் பெயரைக் கொடுத்துவிட்டார். நான் நன்றாகப் பேசினால் அண்ணன் வாய் திறந்து ஒரு வார்த்தையாவது பேசமாட்டாரா என்ற ஆசை. எழுதும் வேலை வழக்கம்போல அப்பாவின் தலையில் விழுந்தது.

அப்பா நூலகத்திலிருந்து தடித்த தடித்த புத்தகங்களாகக் கொண்டுவந்து இறக்கினார். போர்க்காலத்தில் முழந்தாளிட்டு ஜெபித்த அமெரிக்க ஜனாதிபதி, வேதாகமம் வாசிக்காமல் நாளைத் தொடங்காத இங்கிலாந்துப் பிரதம மந்திரி, சிறையில் சுவிசேஷத்தை மட்டும் கையில் வைத்திருந்த ரஷ்ய நாவலாசிரியர் என்று மூன்று பேர் தேறினார்கள். அப்பா ‘கிருபை’, ‘இரட்சிப்பு’ என்று தேவாரம் பாடுகிற குரலில் சொல்லித் தர, அம்மா சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

போட்டியன்று அம்மா பாடகர் குழுவோடு முன்னதாகவே போய்விட்டார். காரில் அப்பா ரேடியோவை நிறுத்தினார்.

“பிள்ளை, கடைசியில இன்னொரு ஆளையும் சேர்ப்பம். என்ன?”

சிவப்பு விளக்கு விழுந்த இடங்களிலெல்லாம் அந்த ஆளைப் பாடமாக்கினேன்.

மேடையில் ஜனாதிபதியும் பிரதம மந்திரியும் நன்றாகவே கைதட்டு வாங்கினார்கள். நாவலாசிரியருக்கு ஒரு அன்ரி கண் கலங்கினார். பிறகு நாலாவது ஆளுக்கு வந்தேன். யாழ்ப்பாணத்தில் பாதிரியாரோடு உட்கார்ந்து வேதாகமத்தைத் தமிழாக்க உதவிய சைவப் பெரியவர். மண்டபத்தில் கதிரைகள் கிறீச்சிட்டன. அவர் பின்னாளில் வேதக்காரரோடு மல்லுக்கு நின்றவர் என்பது அங்கிருந்த பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியாது.

“அது அவருடைய வேதமில்லை!” என்று கையை நீட்டி முழங்கினேன். “கடைசிவரை அவர் சைவர்தான். ஆனால் அதை வாசிக்கப்போகிறவர்கள் அவருடைய சனம். அதனால் அந்த வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. அடுத்தவரின் விசுவாசத்துக்குப் பழுது வராமல் பார்த்துக்கொள்வதும் விசுவாசமே!”

அம்மாவின் முகம் பேயறைந்ததுபோல் ஆகிவிட்டது. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பவும் துடைத்தார்.

எனக்கு ஆறுதல் பரிசுகூடக் கிடைக்கவில்லை. மூன்றாம் பரிசு வாங்கினவன் பாதியில் மறந்துபோய்த் திருதிருவென்று முழித்தவன்! கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அவன் என்னைப் பார்த்துச் சிரித்தது இன்றைக்கும் ஆறவில்லை.

வெளியே வந்தபோது மாமா எங்கள் காரடிக்கு நேரே வந்தார். அப்பா இறங்கி நின்றார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“தலைப்புக்கு வெளியில போயிட்டீர்,” என்றார் மாமா, என்னையல்ல, அப்பாவைப் பார்த்து.

“ஓம் அண்ணை. தெரிஞ்சுதான் போனனான்.”

“அதாலதான் புள்ளி போடேல்லை.” மாமா எங்கள் காரை ஒருதரம் பார்த்தார். “இவளையும் பிள்ளையையும் ஒவ்வொரு கிழமையும் இஞ்ச கொண்டுவந்து விடுறது நீர்தானே?”

“ஓம்.”

மாமா அம்மாவின் பக்கம் திரும்பினார். “நாளைக்கு ஆராதனை முடிய உங்கட வீட்டை வாறன். சோறு இருக்குமோ?”

அம்மா வேகவேகமாகத் தலையை ஆட்டினார்.

காருக்குள் ஏறியதும் அம்மா விம்மி விம்மி அழத் தொடங்கினார். “அழாதேங்கோ அம்மா, அடுத்த வருஷம் கட்டாயம் வெல்லுவன்,” என்றேன். அழுகை இன்னும் கூடியது. பார்த்தால், அப்பாவும் திறப்பைப் போட்டுக் காரைக் கிளப்பாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை.

“எனக்கு ஒரு புள்ளியும் போடாத மனுசன்! அவருக்குச் சோறு குடுக்காதேங்கோ!”

“ஐயோ, அப்பிடிச் சொல்லாதை பிள்ளை,” என்று அம்மா அழுகையும் சிரிப்புமாக என்னைக் கட்டிக்கொண்டார். பிறகு அப்பாவிடம், நாளைக்கு நல்ல மீன் வாங்க வேண்டும், அண்ணனுக்கு முருங்கைக்காயும் பிடிக்கும் என்று சொல்லத் தொடங்கினார். பிள்ளையைத் தோற்கடித்தவருக்கு மீன்குழம்பு! இந்தப் பெரியவர்களுக்கு ரோசம் என்பதே கிடையாது என்று நினைத்துக்கொண்டு, வீடு வரும்வரை நான் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன்.