மெதுவாகப் பிரியுங்கள்

அந்த வீட்டில் கோப்பை செய்வது தங்கை. அதைப் படம் பிடித்து இணையக் கடையில் ஏற்றுவது தங்கையின் கணவர். மூன்றாவது ஆளான பெரியக்காவிடம் உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டால், "சும்மா பார்சல் கட்டுறேன்" என்பாள். அந்தச் சும்மாவை யாரும் நம்பிவிடக் கூடாது.

பல்பு தொழிற்சாலையின் பார்சல் பிரிவில் பத்தொன்பது வருடம் நின்ற கால்கள் அவளுடையவை. ஓங்கித் தும்மினால் உடைகிற சாமானை, குண்டும் குழியுமான சாலைகளில் லாரியேற்றி அனுப்பிப் பழகியவள். தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தபோது தங்கை வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வந்த வாரமே, தங்கை கட்டி வைத்திருந்த ஒரு பெட்டியை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டினாள். உள்ளே 'டக்' என்றது.

"என்னடி இது? கோப்பை அனுப்புறியா, கிலுகிலுப்பை அனுப்புறியா?"

"உள்ள பேப்பர் வெச்சிருக்கேன்க்கா."

"பேப்பர் இருக்கு. கோப்பை அதுக்குள்ள நீச்சல் அடிக்குது. தள்ளு அந்தப் பக்கம்."

அன்று தள்ளிய தங்கை அதன் பிறகு அந்த மேசையைத் தொடவே இல்லை.

மேசை என்றால் கடையில் வாங்கிய மேசை இல்லை. பின்னறை ஜன்னலோரம், இரண்டு இரும்புப் பெட்டிகளின் மேல் ஒரு பழைய கதவைப் படுக்கப் போட்டிருந்தார்கள். தாழ்ப்பாள் இருந்த ஓட்டையில் கத்தரிக்கோல் நிற்கும். இடது கைக்கு எட்டும் தூரத்தில் பழைய செய்தித்தாள், வலது கைக்கு வரிவரியான அட்டைச் சுருள். "கோப்பைக்கு முதல் எதிரி அதோட கைப்பிடிதான்" என்பது பெரியக்காவின் கட்சி. அதனால் கைப்பிடியின் துளையைத்தான் முதலில் அடைப்பாள். அப்புறம் வயிறு, அப்புறம் வாய். பெட்டியை மூடியதும் ஆட்டுவாள், தலைகீழாக வைப்பாள், கடைசியில் இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுவாள். முதல் முறை அதைப் பார்த்த கூரியர்காரர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"என்னக்கா, எங்க வேலையை நீங்களே செஞ்சுட்டீங்க?"

"நீங்க எப்படியும் போடத்தானே போறீங்க? அதான் பழக்கப்படுத்தி அனுப்புறேன்."

டேப் ஒட்டி முடித்ததும் அதன் நுனியைக் கொஞ்சம் உள்பக்கமாக மடித்து விடுவாள். வாங்குகிறவர் கத்தி தேடி ஓட வேண்டாம், மடித்த நுனியைப் பிடித்து இழுத்தால் போதும். இது யாரும் கேட்டுச் செய்ததில்லை.

சீட்டு எழுதுவதும் அப்படித்தான் தொடங்கியது. தொழிற்சாலையில் பெட்டி யாருக்குப் போகிறது என்றே தெரியாது. இங்கே முகவரி வந்தது, சில நேரம் கூடவே ஒரு வரியும் வந்தது. ஒருவர் எழுதியிருந்தார்: 'அம்மாவுக்குக் கை நடுங்கும். கனமில்லாததாகக் கொடுங்கள்.' பெரியக்கா அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். ஒருத்தர் பேசினால் பதில் சொல்ல வேண்டாமா? ஒரு துண்டுக் காகிதம் எடுத்து எழுதினாள்: 'இருப்பதிலேயே லேசானது இதுதான். எல்லாவற்றையும் தராசில் வைத்துப் பார்த்து எடுத்தேன். கைப்பிடிக்குள் நான்கு விரலும் நுழையும்.' அதைப் பெட்டியின் மேல் வைத்துக் கண்ணாடி டேப்பால் ஒட்டினாள். அன்றிலிருந்து சீட்டு இல்லாமல் ஒரு பெட்டியும் வாசல் தாண்டவில்லை.

தங்கையின் கணவரைப் பெரியக்கா மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவாள். நல்ல மனிதர். ஆனால் எதையும் சட்டுப்புட்டென்று முடிக்க வேண்டும் அவருக்கு.

"அக்கா, நாப்பது பார்சலுக்கு நாப்பது கடுதாசியா? 'நன்றி, மீண்டும் வருக'ன்னு ஒரு கார்டு அச்சடிச்சுட்டா வேலை முடிஞ்சுது."

"மருந்து டப்பாக்குள்ள ஒரு சீட்டு வருதே, அதை என்னைக்காவது படிச்சிருக்கீங்களா மாப்பிள்ளை?"

"இல்ல."

"அதுவும் அச்சடிச்சதுதான்."

பேச்சு அத்தோடு நின்றது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மாப்பிள்ளை போனைக் கையில் பிடித்தபடி பின்னறைக்கு வரும் வரைக்கும் நின்றிருந்தது.

இணையக் கடையின் பக்கத்தில், ஐந்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம் விழுந்திருந்தது. கீழே பெரியக்காவின் கையெழுத்தில் இருந்த சீட்டின் படம். போன வாரம் ஒரு அம்மா, புதிதாகக் கல்யாணமான தன் மகனுக்கும் மருமகளுக்கும் பரிசாக ஜோடிக் கோப்பை வாங்கியிருந்தார். கல்யாணப் பெட்டி என்பதால் பெரியக்கா இரண்டு பக்கமும் டேப் நுனியை மடித்து விட்டிருந்தாள். சீட்டில் எழுதியிருந்தது இதுதான்:

'நீங்கள் இருவரும் அவசரப்படாமல், ஆளுக்கு ஒரு பக்கமாக, மெதுவாகப் பிரியுங்கள். எதுவும் உடையாது.'

படத்தின் கீழே அந்த அம்மா எழுதியிருந்தார்: 'தாலி கட்டிப் பத்து நாள் ஆகாத பிள்ளைகளைப் பிரியச் சொல்லும் கடை. யாரும் வாங்காதீர்கள்.'

பெரியக்கா சீட்டைத் திரும்பத் திரும்பப் படித்தாள். "இதுல என்ன தப்பு? பெட்டியைத்தானே பிரிக்கச் சொல்லி..." என்று தொடங்கியவள் பாதியில் நின்றாள். தங்கை களிமண் கையோடு சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காதடி!"

"எதுவும் உடையாதுன்னு தைரியம் வேற சொல்லியிருக்கியேக்கா!"

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. "காலையிலேர்ந்து எத்தனை பேர் பாத்தாச்சோ. இனிமே எழுத வேணாம்க்கா. கட்டுங்க, அது போதும். கார்டு அச்சடிக்கச் சொல்லப் போறேன்."

கட்டுங்க, அது போதும். அந்த வார்த்தை பெரியக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. கட்டுவதோடு போதும் என்றால், பத்தொன்பது வருடம் நின்ற அதே வரிசைக்குத்தான் அவள் திரும்பிப் போக வேண்டும். யாருக்கென்று தெரியாத பெட்டி, பதில் இல்லாத வேலை.

"அந்த அம்மா நம்பரைக் குடுங்க. நான் பேசறேன். அவங்க மனசு ஆறலைன்னா நானே பேனாவை மூடிடறேன். போதுமா?"

மாப்பிள்ளை எண்ணைப் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி போனைக் கதவு மேசையில் வைத்தார்.

"யாரு?"

"கோப்பைப் பார்சல் கட்டினவ பேசறேங்க."

"ஓ, நீங்கதானா அது! உங்களைத்தான் தேடிட்டிருந்தேன். எழுதின ஆள் பேர்கூடப் போடலியே! வீடு நிறைய சொந்தக்காரங்க. என் தங்கச்சி வீட்டுக்காரர் எழுந்து நின்னு சத்தமாப் படிச்சார். எங்க சம்பந்தியம்மா என்னைத் திரும்பி ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க, ஏதோ நான்தான் சொல்லி எழுத வெச்ச மாதிரி!"

தங்கை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அறையை விட்டு ஓடினாள். பெரியக்கா அசையவில்லை.

"தப்பு என்னுதுதாங்க. 'பெட்டியை'ன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கணும். சீட்டுல இடம் பத்தலைன்னு விட்டுட்டேன்."

"ஒரு வார்த்தையாம்! என் மானமே போச்சு."

"உங்களை ஒண்ணு கேக்கலாங்களா? வீட்டுக்கு ஒரு பார்சல் வருது. கிழிக்காமத் தொறக்கணும். பிள்ளைங்ககிட்ட என்ன சொல்வீங்க?"

"என்ன சொல்வேன்? மெதுவாப் பிரிங்கடான்னு சொல்..."

மாப்பிள்ளை போன் அணைந்துவிட்டதோ என்று குனிந்து பார்த்தார்.

"நானும் அதைத்தாங்க எழுதினேன்" என்றாள் பெரியக்கா.

முதலில் ஒரு செருமல் வந்தது. பிறகு அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல் வெடித்த சிரிப்பு. "அடக் கடவுளே! ஆமா, வேற என்னன்னு சொல்றது? சரி, ஆளுக்கு ஒரு பக்கம்னது எதுக்கு?"

"ரெண்டு பக்கமும் நுனி மடிச்சு விட்டிருந்தேங்க. அவர் ஒரு பக்கம், அவங்க ஒரு பக்கம் இழுத்தா பெட்டி தானா விரியும். ரெண்டு பேரும் சேர்ந்து தொறக்கட்டுமேன்னு."

"யாரு பாத்தா அதை? தங்கச்சி வீட்டுக்காரர் கத்தியை எடுத்து நட்டநடுவுல குத்திட்டாரே!"

"ஐயையோ!" பெரியக்காவின் குரல் அப்போதுதான் முதல் முறையாக உயர்ந்தது. "கோப்பை?"

"கோப்பைக்கு ஒரு கீறல் இல்ல. கத்திதான் அட்டையில மாட்டிக்கிச்சு. ரெண்டு பேர் பிடிச்சு இழுத்தோம்."

"அஞ்சு அடுக்குங்க" என்றாள் பெரியக்கா. அதைச் சொல்லும்போது முதுகு தானாக நிமிர்ந்தது.

மாப்பிள்ளை எதிரே நின்று விரலால் காற்றில் நட்சத்திரம் வரைந்து காட்டினார். கேளுங்கள், எடுக்கச் சொல்லிக் கேளுங்கள் என்று அர்த்தம். பெரியக்கா தலையை ஆட்டி மறுத்தாள்.

"நீங்க போட்டதை எடுக்கச் சொல்லிக் கூப்பிடலைங்க. உங்க மருமக மனசு சங்கடப்பட்டிருந்தா, அவங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லணும். அதுக்குத்தான்."

"அவளா? நீங்க வேற! அந்தச் சீட்டை ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வெச்சிருக்கா. ரெண்டும் சண்டை போட்டா, 'அவசரப்படாதே, மெதுவா'ன்னு அதைக் காட்டிக் காட்டிச் சிரிக்குதுங்க. கிழிச்சுப் போடுன்னு நானும் சொல்லிப் பாத்தேன். யார் கேக்கறா என் பேச்சை?"

சாயங்காலம் மாப்பிள்ளை மறுபடி போனோடு வந்தார். ஒரு நட்சத்திரம் இருந்த இடத்தில் நான்கு இருந்தன. அந்த அம்மா கீழே சேர்த்திருந்தார்: 'எழுதியவரே கூப்பிட்டுப் பேசினார். கத்தியால் குத்தியும் கோப்பை உடையவில்லை. இப்படிக் கட்ட எங்கே கற்றாரோ! "பெட்டியை" என்ற வார்த்தையை விட்டதற்காக ஒரு நட்சத்திரத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறேன்.'

"நாலு" என்றார் மாப்பிள்ளை.

"நியாயமான மார்க்கு" என்றாள் பெரியக்கா. மூன்று முறை படித்துவிட்டுத்தான் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அப்ப கார்டு வேணாம்னு சொல்லிடவாக்கா?"

"சொல்லிடுங்க. வரும்போது கொஞ்சம் பெரிய காகிதமா வாங்கிட்டு வாங்க. இடம் பத்த மாட்டேங்குது."

வாசலில் கூரியர் வண்டியின் ஹாரன் கேட்டது. கடைசிப் பெட்டிக்கு இன்னும் சீட்டு ஒட்டவில்லை. 'புது வேலை, புது ஊர், தனி அறை' என்று எழுதி ஒற்றைக் கோப்பை கேட்டிருந்த ஒருவருக்குப் போகிற பெட்டி அது. பெரியக்கா எழுதினாள், எழுதியதை வாய்விட்டு இரண்டு விதமாகப் படித்துப் பார்த்தாள், ஒரு சொல்லை அடித்து மாற்றினாள். பிறகு இதுவரை எந்தச் சீட்டிலும் செய்யாத ஒன்றைச் செய்தாள். அடியில், யார் கண்ணுக்கும் தப்பாத அளவு பெரிய எழுத்தில், 'கட்டியதும் எழுதியதும் பெரியக்கா' என்று போட்டு, பக்கத்திலேயே தன் போன் நம்பரையும் எழுதினாள்.