கிரீஸ் அண்ணனின் வெள்ளைக் கோட்டு

எங்கள் பஸ் பணிமனையில் மெக்கானிக்குகளுக்கு நீலச் சட்டை, சூப்பர்வைசருக்கு வெள்ளைக் கோட்டு. கோட்டுப் போட்டவர் ஸ்பானரைத் தொடக்கூடாது. தொடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். கிரீஸ் அண்ணனுக்குப் பதவி உயர்வு வந்தபோது, இந்த நிற்கும் வேலைதான் அவருக்குக் கைவரவில்லை. எந்த பஸ் முனகினாலும் கோட்டோடு அடியில் புகுந்துவிடுவார். மாலையில் அதைத் துவைப்பவர் அண்ணி.

ஒருநாள் ஆய்வுக்கு வந்த மேலதிகாரி, பஸ்ஸுக்கடியில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களிடம் கேட்டார்: "யோவ், உங்க சூப்பர்வைசர் எங்கய்யா?"

"வேலை நேரத்துல தொணதொணக்காதீங்க. அந்தாளு எங்கயாவது வெட்டியா நிப்பாரு, போய்ப் பாருங்க" என்றன கால்கள்.

மறுவாரம் உத்தரவு வந்தது, ஆங்கிலத்தில். அண்ணன் அதைப் பணிமனை குமாஸ்தாவான என் மேசைக்குக் கொண்டுவந்து, 'டிமோட்' என்ற சொல்லின்மேல் விரலை வைத்தார்.

"சார், இதுக்குக் கொஞ்சம் மரியாதையான அர்த்தம் இருக்கா பாருங்களேன். வீட்டுக்காரி ஊரெல்லாம் என்னை ஆபீசர்னு சொல்லி வச்சிருக்கா. இன்னிக்கு அவ தம்பி வேற வந்திருக்கான். எந்த முகத்தோட வீட்டுக்குப் போறது?"

அகராதியைப் புரட்டினேன். 'பிரமோட்' லத்தீனிலிருந்து வந்தது. முன்னே நகர்த்துவது என்று பொருள். 'டிமோட்' அவ்வளவு பழையது அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிவாக்கில், அமெரிக்காவில் யாரோ 'பிரமோட்'டின் தலையை எடுத்துவிட்டு, 'கீழே' என்று பொருள்படும் வேறு தலையைப் பொருத்தியிருக்கிறார்கள்.

"பழைய வண்டில ஒண்ணைக் கழட்டிட்டு வேறதை மாட்டி ஓட்டிட்டான். நம்மாளு சார் அவன்!" என்று சிரித்தவர் உடனே சுருங்கிப்போனார். "ஆனா அர்த்தம் கீழ இறக்கறதுதானே?"

"அதேதான் அண்ணே."

துணைக்குக் கூப்பிட்டார், போனேன். கூடத்து நாற்காலியில் மச்சான் காலாட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன மாமா, ஆபீசர் முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

அண்ணன் உத்தரவை எடுத்து நீட்டினார். "மறுபடி மெக்கானிக் ஆக்கிட்டாங்க."

அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்தார். "அப்ப அந்த வெள்ளைக் கோட்டு?"

"இனிமே கிடையாது."

அண்ணி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். சோப்பில் ஊறித் தோல் உரிந்திருந்தது. "இந்த நல்ல காரியத்தை முன்னாடியே பண்ணித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"என்னக்கா, ஊருக்கெல்லாம் ஆபீசர்னு..."

"நீ வந்து தினம் துவைச்சுக் குடுடா. ஆபீசராவே வச்சுக்கலாம்."

ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது.

மறுநாள் நீலச் சட்டையில் வந்த அண்ணனின் கையில் ஒரு பொட்டலம். அண்ணி கோட்டைச் சதுரம் சதுரமாக வெட்டி, கிரீஸ் துடைக்கக் கொடுத்தனுப்பியிருந்தார். பாக்கெட் இருந்த துண்டு என் பேனாவுக்கு வந்தது.